காலிக் கோட்டையின் நியூ ஓரியண்டல்: 1684ஆ, 1865ஆ?

#1 விறாந்தைக் கதிரை

போன கிழமை குடும்பத்தோடு காலிக்குப் போய் வந்தேன். கோட்டைக்குள் சேர்ச் வீதியில், ஒல்லாந்தர் தேவாலயத்துக்குப் பக்கத்திலே ஒரு நீளமான வெள்ளைக் கட்டடம் இருக்கிறதல்லவா, அதுதான் விஷயம். இப்போது பெயர் அமன்கல்ல. பழைய ஆட்கள் இன்னமும் என்.ஓ.எச். என்றுதான் சொல்லுகிறார்கள், அதாவது நியூ ஓரியண்டல் ஹோட்டல்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டித் தம்பி, "இது 1684ஆம் ஆண்டு ஹோட்டல், ஆசியாவிலேயே மூத்தது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். முச்சக்கர வண்டிக்காரரோ 1865 என்றார். இரண்டுக்கும் நடுவில் 181 வருஷம்! யார் சொன்னது சரி?

இன்னொரு யோசனையும் வந்தது. கொழும்பும் கண்டியும் இருக்க, தெற்கு மூலையில் கிடக்கிற ஒரு கோட்டை ஊருக்குள் அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய ஹோட்டலை யாருக்காகத் திறந்தார்கள்? அதில் "நியூ" என்று வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

#2 பனங்காய்

காலியில் அறை காலியா என்று கேட்டீர்களா அண்ணை? அதைக் கேட்காமல் திரும்பியிருந்தால் பயணமே வீண்.

#3 கப்பல்காரன்

பனங்காய், அந்தப் பகிடி 1885இலேயே உண்மையாகிவிட்டது. பின்னால் வருகிறேன்.

விறாந்தைக் கதிரை, உங்கள் இரண்டு பேருமே சரி. 1684 கட்டடத்தின் வயசு, 1865 ஹோட்டலின் வயசு. ஒல்லாந்தர் தங்கள் தளபதிக்கும் அவருடைய ஆட்களுக்கும் தலைமையகமாகக் கட்டியது அது. 1796இல் ஆங்கிலேயர் காலியைக் கைப்பற்றியபின் அவர்களுடைய படையினர் அங்கே தங்கினார்கள். விருந்தினர் பெட்டியோடு வந்து இறங்கி, பணம் கொடுத்துத் தங்கியது 1860களில்தான். ஆனால் பழைய கட்டடத்துக்குள் திறந்த ஹோட்டல்கள் எல்லாமே கட்டடத்தின் பிறந்தநாளைத்தான் தங்கள் பிறந்தநாள் என்று சொல்லிக்கொள்ளும். அந்த வழிகாட்டித் தம்பியைக் குறை சொல்லி வேலையில்லை.

யாருக்காகத் திறந்தார்கள் என்பதுதான் நல்ல கேள்வி. ஒரு சொல்லில் பதில்: நிலக்கரி.

கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1842இல் பி அண்ட் ஓ என்ற ஆங்கிலேயக் கப்பல் கம்பனி தன்னுடைய 'ஹிந்துஸ்தான்' என்ற நீராவிக் கப்பலை அனுப்பி, சுயஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையில் தபால் சேவையைத் தொடங்கியது. கால்வாய் அப்போது இல்லை. அது திறந்தது 1869இல். இங்கிலாந்திலிருந்து வருகிறவர்கள் அலெக்ஸாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, சுயஸில் அடுத்த கப்பல் ஏறுவார்கள். அந்தக் கப்பல் ஏடன் தாண்டி, அரபிக்கடலைக் கடந்து, நேரே வந்து நிற்கிற இடம் காலி. அதற்கப்புறம் சென்னை, கல்கத்தா.

1845இல் சீனத் தபாலும் சேர்ந்தது. காலியிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், ஹொங்கொங். முதலில் ஓடியது 'லேடி மேரி வூட்'. பிறகு அவுஸ்திரேலியத் தபாலும் இங்கே கைமாறியது. 1862இல் பிரெஞ்சுக்காரரின் மெசாஜெரி கப்பல்களும் வந்து சேர்ந்தன. அவர்களுக்குக் காலியிலிருந்து புதுச்சேரி, சென்னை வழியாகக் கல்கத்தாவுக்கு ஒரு கிளைப் பாதை.

இப்போது படத்தை மனதில் வைத்துப் பாருங்கள். கல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர் ஹொங்கொங் போகவேண்டும். அவர் கப்பல் காலிக்கு வந்துவிட்டது, சீனக் கப்பல் இன்னும் வரவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று நேரமென்றால் நாட்கணக்கில் தாமதம். அவர் எங்கே தங்குவார்? நம் காலத்து விமான நிலையத்தில் இணைப்பு விமானத்துக்குக் காத்திருக்கிறவரைப் போலத்தான். காலி 1860களின் டுபாய்.

நிலக்கரிக்கு வருகிறேன். இலங்கையில் நிலக்கரி இல்லை. பிரித்தானியாவிலிருந்து பாய்க்கப்பல்களில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டுவந்து காலியில் குவித்து வைத்திருந்தார்கள். நீராவிக் கப்பல் நங்கூரம் போட்டதும் கரி வத்தைகள் பக்கத்தில் வந்து ஒட்டும். கூடை கூடையாக ஏற்றுவார்கள். கரித்தூள் உள்ளே போகாமல் இருக்க அறைகளின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிடுவார்கள். வெளியே வெயில், உள்ளே புழுக்கம். அடைத்தும் பிரயோசனமில்லை. படுக்கை விரிப்பு, சட்டைக் கழுத்து, தேநீர்க் கோப்பை எல்லாவற்றிலும் கறுப்பு. காசுள்ள எந்தப் பயணியும் அந்த நேரத்தில் கப்பலில் இருக்கமாட்டான். வள்ளம் பிடித்துக் கரைக்கு வந்துவிடுவான்.

கரையில் அவனுக்கு வேண்டியது குளிக்க நல்ல தண்ணீர், சாய்ந்து கிடக்கக் காற்றோட்டமான விறாந்தை, கரித்தூள் விழாத ஒரு தட்டுச் சோறு. இந்த மூன்றையும் கொடுக்கத்தான் நியூ ஓரியண்டல் வந்தது.

#4 தூத்துக்குடியான்

அருமையான விளக்கம் அண்ணாச்சி. எங்க ஊர்ப் பெரியவங்க கொழும்புக்குக் கப்பல் ஏறிப் போன கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். 1914க்கு முன்னாடி போட் மெயில் தூத்துக்குடி வழியாத்தானே போச்சு. அதனால கேக்குறேன், கப்பல் எல்லாம் ஏன் கொழும்புக்குப் போகலை? தலைநகரம் அதுதானே?

#5 கப்பல்காரன்

தம்பி, 1870கள் வரை கொழும்பில் துறைமுகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. திறந்த கடல். பெரிய கப்பல் தூரத்தில் நிற்கும், வள்ளத்தில் ஆடி ஆடிக் கரைக்கு வரவேண்டும். தென்மேற்குக் காற்று வந்தால் அதுவும் முடியாது. காலியில் குடா இருந்தது. போதாததற்குக் கிழக்கே போகிற கப்பலுக்கு அது பாதையிலேயே இருக்கிறது, வளைந்து வரத் தேவையில்லை.

அதற்காகக் காலிக் குடா சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீருக்கடியில் முழுக்கப் பாறை. வாய் அகலம், காற்று நேரே உள்ளே வரும். 1871 நவம்பர் 1ஆம் திகதி பி அண்ட் ஓவின் 'ரங்கூன்' கப்பல் துறைமுக வாசலிலேயே கதிர்ப் பாறையில் மோதி மூழ்கியது. அவுஸ்திரேலியாவுக்குப் போகவேண்டிய கப்பல். பயணிகள் தப்பினார்கள். இப்படி ஒவ்வொன்று நடக்க நடக்க, "வேறு துறைமுகம் பாருங்கள்" என்ற குரலும் ஏறிக்கொண்டே போனது.

செய்தி விஷயம் ஒன்று சொல்லாமல் போகமுடியாது. ஐரோப்பியச் செய்தித்தாள் முதலில் வந்து இறங்கும் இடம் காலி. கொழும்புப் பத்திரிகைக்கு அது 72 மைல் தூரம். சிலோன் ஒப்சேவர்காரர்கள் 1850இல் ஒரு வேலை செய்தார்கள். காலியில் புறா வைத்தார்கள். கப்பல் வந்ததும் செய்தியை மெல்லிய தாளில் எழுதிக் காலில் கட்டிப் பறக்கவிடுவார்கள். கிரிமியப் போர்ச் செய்தி கொழும்புக்குப் புறாவில்தான் வந்தது. 1858இல் தந்திக் கம்பி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு.

#6 பனங்காய்

ஓய்வு என்றால் பென்ஷனா, கறியா?

#7 கோட்டை நானா

அஸ்ஸலாமு அலைக்கும். நான் கோட்டைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன். எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க.

கப்பல்காரத் தம்பி பயணிகளைப் பற்றிச் சொன்னார். அவங்களுக்கு எதிரே நின்ற எங்கட ஆட்களைப் பற்றியும் சொல்லணும். எங்கட மூத்தவாப்பாட வாப்பா கல் வியாபாரி. அந்தக் காலத்தில் கப்பல் சங்கு கேட்டால் கடையைப் பூட்டிவிட்டு ஓடுவாங்களாம். பாதிப்பேர் வள்ளத்தில் கப்பலுக்கே ஏறிடுவாங்க. மிச்சப்பேர் ஹோட்டல் விறாந்தைப் படியில் உட்கார்ந்துடுவாங்க. வெள்ளைத் துணி முடிச்சை மடியில் அவிழ்த்துவைத்தால் நீலம், சந்திரகாந்தம், புஷ்பராகம். இன்னொரு பக்கம் ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை, பொம்பிளைகள் பின்னின றேந்தை. ஆமையோட்டு வேலைக்குக் காலி பேர்போன ஊர். இப்போ அது சட்டத்துக்கு விரோதம், அது வேற கதை.

விலை சொல்லுறதில் ஒரு முறை இருந்துச்சாம். காலையில் நூறு சொன்ன கல்லு, கப்பல் புறப்படும் சங்கு ஊதினதும் பத்துக்கு வரும். அதைத் தெரிஞ்ச வெள்ளைக்காரன் கடைசிச் சங்குவரைக்கும் விறாந்தையில் கால் நீட்டிக் கிடப்பான். அதைத் தெரிஞ்ச எங்கட ஆள் அவனுக்குன்னே கண்ணாடித் துண்டு ஒன்றை முடிச்சில் தனியா வெச்சிருப்பான். கப்பல் போனபிறகு யார் வந்து கேக்கப்போறான்?

இது எங்கட வீட்டில் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுற கதை. பெருமைக்குச் சொல்லல்ல.

ஒரு விஷயம். கோட்டைக்குள் சோனகர் வீட்டு மொழி இன்னைக்கும் தமிழ்தான். வீதியில் சிங்களம், வீட்டுக்குள் தமிழ், படியில் உட்கார்ந்த காலத்தில் வாய்க்கு வந்த இங்கிலீசு. பெட்லர்ஸ் ஸ்ட்ரீட், அதாவது சாமான் சுமந்து விக்கிறவங்கட வீதி என்று ஒரு வீதியே இருக்கு, ஹோட்டலுக்குக் கூப்பிடு தூரம்.

#8 விறாந்தைக் கதிரை

நானா, பிழை ஒன்றுமில்லை, தொடர்ந்து எழுதுங்கோ. அந்தக் கண்ணாடித் துண்டு இப்போது லண்டனில் யாரோ ஒருவரின் பரம்பரை மோதிரமாக இருக்கும்.

#9 மாத்தறை மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்தது மட்டக்களப்பு, வாழ்க்கைப்பட்டது மாத்தறை. மாதம் இரண்டு தடவை அந்தக் கட்டடத்தைக் கடந்து போகிறவள்.

"ஆசியாவிலேயே மூத்தது" என்ற கதைக்கு ஒரு வரி. கொழும்பு கோல் பேஸ் ஹோட்டல் 1864. அதாவது இலங்கைக்குள்ளேயே ஒரு வருஷம் முந்தியது இருக்கிறது. ஆசியா என்று போனால் கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் 1840களின் தொடக்கத்தில் ஒக்லண்ட் ஹோட்டல் என்ற பெயரில் வந்துவிட்டது. ஆகவே அந்தப் பட்டம் வேண்டாம். ஆனால் சிங்கப்பூர் ராபிள்ஸ் 1887, பினாங்கு ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் 1885, கொழும்பு கிராண்ட் ஓரியண்டல் 1875. உலகம் முழுக்கப் பேசுகிற இந்தப் பெயர்களுக்கெல்லாம் எங்கள் காலி அக்கா. அது போதாதா?

பெயர்களைக் கவனித்தீர்களா? ராபிள்ஸைத் தவிர எல்லாம் ஓரியண்டல். பி அண்ட் ஓ என்பதில் உள்ள 'ஓ'வும் ஓரியண்டல்தான். கப்பல் கம்பனியின் வால் பிடித்து ஹோட்டல்கள் வந்த காலம் அது.

"நியூ" பற்றி: புதுக்கோட்டை, புதுச்சேரி, புதுக்குடியிருப்பு மாதிரித்தான். வைத்த அன்றைக்குப் புதிது. பிறகு யார் மாற்றுகிறார்கள்? நூற்றி முப்பது சொச்சம் வருஷம் நியூ ஆகவே இருந்தது.

எல்லாப் பயணிகளும் ஹோட்டலுக்குத்தான் போனார்கள் என்றும் நினைக்கக்கூடாது. வெள்ளைக்காரரின் வழக்கமான தங்குமிடம் அரசாங்க வாடி வீடு, அதாவது பயணிகள் விடுதி. ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மன் உயிரியலாளர் 1881 டிசம்பரில் இந்தப் பக்கம் வந்தார். களுத்துறை வரை ரயில், அதற்கப்பால் குதிரை பூட்டிய தபால் வண்டி. காலியில் சில நாள் தங்கிவிட்டு வெலிகம வாடி வீட்டில் ஆறு கிழமையளவு ஆய்வுகூடம் போட்டார். வாடி வீட்டுப் பொறுப்பாளரின் பெயர் வாயில் நுழையாமல் அவருக்கு "சோக்கிரதீஸ்" என்று பெயர் சூட்டிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து அந்த இடம் பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்வேன். பாவம், சொந்தப் பெயரே போய்விட்டது.

#10 கப்பல்காரன்

தங்கச்சி, ஹெக்கலைச் சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள். அவர் காலியில் போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் பி அண்ட் ஓவின் முகவரான கப்டன் பெய்லி. குடாவுக்கு அந்தப் பக்கம், குளோசன்பேர்க் மேட்டில், 1860 அளவில் தனக்கு ஒரு வீடு கட்டி மனைவியின் பெயரில் வில்லா மரீனா என்று வைத்தவர். அதுவும் இப்போது ஹோட்டல்தான். பி அண்ட் ஓவின் உதயசூரியன் சின்னத்தை அந்த வீட்டுச் சுவரில் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஆனால் ஹெக்கல் வந்த நேரம் காலிக்கு அந்திப்பொழுது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட், கொழும்பு அலைதாங்கிக்கு முதல் கல் வைத்தார். சேர் ஜோன் கூட் வரைந்த திட்டம். கிராண்ட் ஓரியண்டல் கொழும்புத் துறைமுக வாசலில் திறந்ததும் அதே 1875. பணம் போட்டவர்களுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்திருந்தது. 1885 அளவில் தென்மேற்கு அலைதாங்கி முடிந்தது. அதற்கு முன்பே கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு மாறத் தொடங்கிவிட்டன.

இப்போது பனங்காயின் பகிடிக்கு வருகிறேன். காலி காலியானது.

ரயில் காலிக்கு வந்தது 1894இல், மாத்தறைக்கு 1895இல். கப்பல் இருந்தபோது ரயில் இல்லை. ரயில் வந்தபோது கப்பல் இல்லை.

என் கருத்து இதுதான்: அந்தக் கட்டடம் இன்றைக்கு நிற்பதற்குக் காரணமே அந்த வீழ்ச்சி. துறைமுகம் காலியிலேயே வளர்ந்திருந்தால், 1920களில் இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டியிருப்பார்கள். கோட்டை மதிலையும் சும்மா விட்டிருக்கமாட்டார்கள். கொழும்புக் கோட்டைக்கு என்ன நடந்தது? 1870 அளவில் மதிலை இடித்துத் தள்ளினார்கள். காசு இல்லாத ஊரில் யாரும் எதையும் இடிப்பதில்லை.

#11 சுண்ணாம்பு

> காசு இல்லாத ஊரில் யாரும் எதையும் இடிப்பதில்லை.

இதோடு ஒத்துப்போக முடியவில்லை அண்ணை. பழைய கட்டடங்களைத் திருத்துகிற வேலை செய்கிறவன் நான். காசு இல்லாத ஊரில் இடிக்கமாட்டார்கள் என்பது சரி. ஆனால் கட்டடம் தானாகவே விழும். யாழ்ப்பாணத்தில் நூறு வருஷத்து நாற்சார் வீடு ஒன்றைப் பூட்டிவிட்டு வெளிநாடு போங்கள். பத்து மழைக்கு ஓடு நகரும், பதினைந்தாவது மழைக்கு வளை உளுக்கும், அடுத்த வருஷம் நடு முற்றத்தில் ஆலமரம்.

காலிக் கட்டடம் கடற்கரையில் நிற்கிறது. முருகைக்கல், கருங்கல், சுண்ணாம்பு. கோட்டைக்குள் பழைய சுவரெல்லாம் இந்த வகைதான், ஒரு முழத்துக்குக் குறையாத தடிப்பு. உப்புக்காற்று அந்தச் சுண்ணாம்பைத் தின்றுகொண்டே இருக்கும். விரல் வைத்து அழுத்தினால் மாவாக உதிரும். வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது பார்த்து, கெட்டதைச் சுரண்டி, திரும்பச் சுண்ணாம்பே பூசவேண்டும். சீமெந்து பூசினால் இன்னும் மோசம். ஈரம் வெளியே வரமுடியாமல் உள்ளேயே நின்று சுவரைப் பிளந்துவிடும். கூரை மரம், பீலி, நிலைக்கதவு என்று இந்த வேலைக்கு முடிவில்லை.

ஆக, 1885க்கும் 2000க்கும் இடையில் யாரோ அதைச் செய்துகொண்டு இருந்திருக்கிறார்கள். கப்பல் போனதால் கட்டடம் தப்பியது என்று சொல்லி அவர்களை மறைத்துவிடக்கூடாது.

#12 கோட்டை நானா

சுண்ணாம்புத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. அந்த யாரோ ஒருத்தரை நான் கண்ணால் கண்டிருக்கேன்.

போன நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்து ஹோட்டல் எஃப்ராம்ஸ் என்ற பறங்கியர், அதாவது ஐரோப்பிய வழிவந்த இலங்கையர் குடும்பத்துக் கையில். அந்தக் குடும்பத்து மகள் நெஸ்டா புரோஹியர். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே பிறந்தவங்க. 1960லிருந்து 1995 வரைக்கும் அவங்கதான் ஹோட்டலை நடத்தினாங்க. நாங்க சின்னப் பிள்ளைகள், "நோனா" என்றுதான் சொல்லுவோம்.

வாப்பா ஒருநாள் ஏதோ கணக்குக் கொடுக்க என்னையும் கூட்டிப் போனார். ஆறு ஏழு வயசிருக்கும். உள்ளே ஹோலுக்குள் காலெடுத்து வெச்சதும் வெளி வெயில் அப்படியே நின்னுபோச்சு. உயரமான முகடு. பலகை நிலம், நடந்தால் டொக் டொக். பெரிய பெட்டகம் ஒன்று, பித்தளைப் பூண் போட்டது. எனக்கு அதுக்குள்ளே ஒளிஞ்சுக்கணும் போல இருந்துச்சு. விறாந்தையில் சாய்மனைக் கதிரை வரிசை. கை வெக்கிற கட்டை இரண்டு பக்கமும் நீண்டு வரும், அதில் காலைத் தூக்கிப் போட்டுக்கலாம். வாப்பா பேசிக்கிட்டு இருந்தபோது ஒன்றில் ஏறிக் காலைத் தூக்கிப் பார்த்தேன், எட்டல்ல. வேலைக்கு நின்ன பெரியவர் ஒருத்தர் கண்டுட்டார். ஏசப்போறார்னு நினைச்சேன். கண்ணாடிக் கிளாசில் தேசிக்காய்த் தண்ணி கொண்டுவந்து தந்துட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் ஹோட்டலில் பாதி அறை பூட்டித்தான் கிடக்கும். ஆனால் பித்தளை மினுங்கும்.

#13 கப்பல்காரன்

நானா, சுண்ணாம்பு, இரண்டு பேரிடமும் தோற்றேன். இடிக்காமல் விட்டது வறுமை, விழாமல் பார்த்தது ஆட்கள். திருத்திக்கொள்கிறேன்.

#14 தூத்துக்குடியான்

ஒரு கிளைக் கேள்வி. நெறியாளர் திட்டினா விட்டுடுறேன். நானா எழுத்துல கதிரை, பெட்டகம், நோனான்னு வருது. #1ல விறாந்தை. இதெல்லாம் எங்க பக்கம் வேற மாதிரி. இதுல எது ஒல்லாந்தர் விட்டுப்போனது?

#15 மாத்தறை மருமகள்

கதிரை, குசினி, துவாய், வாங்கு எல்லாம் போர்த்துக்கேயர் கொடுத்தவை. காலிக்கு முதல் வந்தவர்களும் அவர்கள்தானே. ஒல்லாந்தர் 1640இல் பிடுங்கிக்கொண்டார்கள். அவர்கள் விட்டுப்போனது கந்தோர், இலாச்சி, நொத்தாரிசு. பாருங்கள், போர்த்துக்கேயர் விட்டது வீட்டுச் சாமான், ஒல்லாந்தர் விட்டது கணக்கு வழக்கு. இரண்டு பேருடைய குணமும் அதிலேயே தெரிகிறது. கக்கூசும் ஒல்லாந்தர்தான். அதைச் சொல்லாமல் விட்டால் பனங்காய்க்குத் தூக்கம் வராது.

#16 சுண்ணாம்பு

கக்கூசு வந்ததால் சொல்கிறேன். காலிக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் நிலத்தடி வடிகால் கட்டியிருந்தார்கள். கடல் பெருகும்போது தண்ணீர் உள்ளே வந்து, வற்றும்போது அழுக்கைக் கழுவிக்கொண்டு போகிற மாதிரி ஏற்பாடு. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்று ஹோட்டலாக மாறச் சரியான இடத்தில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். குளிப்பறைத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காமல் ஹோட்டல் நடத்தமுடியாது. வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லுவதேயில்லை.

#17 பனங்காய்

காலி என்றதும் எல்லாரும் வெள்ளைக்காரன் தங்கின கதையே சொல்லுகிறீர்கள். தமிழுக்கு அங்கே பாத்தியதை இல்லையா? நானா வீட்டு மொழி தவிர.

#18 கப்பல்காரன்

வேண்டிய அளவு இருக்கிறது. ஹோட்டலுக்கு நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய கல் ஒன்று இருக்கிறது. 1409 என்று தேதி போட்டது, சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டியது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்லுகிறது. தேனாவரை என்றால் மாத்தறைக்கு அந்தப் பக்கமுள்ள தெய்வேந்திரமுனை. 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டுபிடித்தபோது அது மதகுக்கு மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்தது. இப்போது கொழும்பு நூதனசாலையில் நிற்கிறது.

சீனக் கடற்படை தமிழில் கல்வெட்டுகிறது என்றால், அந்தக் கரையில் வியாபாரம் எந்த மொழியில் நடந்திருக்கும் என்று யோசியுங்கள். நானாவின் ஆட்கள் விறாந்தைப் படிக்கு வந்தது 1865இல். குடாவுக்கு வந்தது எப்போதோ.

சரி, கல்வெட்டுக்குத் தனி இழை தொடங்குவோம். இது ஹோட்டல் இழை.

#19 விறாந்தைக் கதிரை

கேட்டது இரண்டு கேள்வி, கிடைத்தது ஒரு துறைமுகம். எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் விடுபட்டுப் போச்சு. நோனாவுக்குப் பிறகு என்ன நடந்தது? இப்போதுள்ள கம்பனியிடம் எப்படிப் போனது?

#20 மாத்தறை மருமகள்

1988இல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதோடு வெளியூர்க் கண் விழத் தொடங்கியது. 1995க்குப் பிறகு கைமாறி, அமன் நிறுவனம் எடுத்துத் திருத்தி, 2004 டிசம்பரில் அமன்கல்ல என்று திறந்தது. மாதத்தைக் கவனியுங்கள்.

26ஆம் திகதி காலை கடல் வந்தது. பஸ் நிலையம், கிரிக்கெட் மைதானம், கடைத்தெரு எல்லாம் கோட்டைக்கு வெளியே. அங்கே நடந்ததை இங்கே எழுதமாட்டேன். எங்கள் குடும்பத்திலும் இருவர் இல்லை. கோட்டைக்குள் இருந்த பெரும்பகுதியை ஒல்லாந்தர் மதில் காத்தது. பீரங்கிக்கென்று கட்டிய மதில்.

#21 கோட்டை நானா

அல்லாஹ் அவங்களுக்கு நல்ல இடம் கொடுக்கட்டும் மகள். அன்னைக்கு எங்கட வீட்டுக் கதவும் பூட்டல்ல. கோட்டைக்குள் யாருட கதவும் பூட்டல்ல.

#22 பனங்காய்

மன்னியுங்கோ அக்கா. பகிடி விட்டுக்கொண்டே வந்தேன்.

#23 மாத்தறை மருமகள்

அதனால் என்ன தம்பி, பகிடி விடாமல் இருந்தால்தான் யோசித்திருப்பேன்.

#24 தூத்துக்குடியான்

வர்ற மாசம் கொழும்பு வர்றேன். காலிக்கும் ஒரு நாள் போகலாம்னு இருக்கேன். அந்த ஹோட்டல்ல தங்குறது நம்ம பையில அடங்காதுன்னு தெரியும். உள்ளே எட்டியாவது பாக்க முடியுமா அண்ணாச்சி? இதுக்கு முன்னாடி வேறொரு ஊர்ல, பெயர் வேண்டாம், ஒரு பழைய பெரிய ஹோட்டல் வாசல்லயே செருப்பப் பாத்துத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் கேக்குறேன்.

#25 கப்பல்காரன்

தங்கத் தேவையில்லை. பின்னேரம் விறாந்தையில் தேநீர் குடிக்க வெளியாட்களும் போகிறார்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஒரு தேநீரை இரண்டு பேர் பங்குபோட்டால் சரி.

போகும் வழியை மட்டும் மாற்றுங்கள். எல்லோரும் மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்க வாசலால் நுழைவார்கள். அது ஆங்கிலேயர் 1873இல் வெட்டியது. நீங்கள் துறைமுகப் பக்கம் உள்ள பழைய வாசலால் வாருங்கள். வெளிப்பக்கத்தில் ஆங்கிலேயரின் சின்னம், உள்ளே வந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம், 1669, மேலே ஒரு சேவல். 1865இல் வள்ளத்திலிருந்து இறங்கிய ஆள் கரித்தூளோடு நடந்து வந்த வாசல் அதுதான். அங்கிருந்து மேடு ஏறிச் சேர்ச் வீதிக்குத் திரும்பினால் விறாந்தை தெரியும். மத்தியான வெயிலில் நடவுங்கள். அப்போதுதான் அந்த விறாந்தை எதற்கென்று கால் சொல்லும்.

#26 கோட்டை நானா

தம்பி, வந்தால் முதலில் எங்கட வீட்டுக்கு வாங்க. தேத்தண்ணி இங்கே குடிச்சுட்டு அங்கே போய்க் கதிரையில் சாயலாம். செருப்பைப் பற்றி யோசிக்காதீங்க, நான் கூட வாறேன். எனக்கும் அந்தக் கட்டையில் கால் எட்டுதான்னு பார்க்கணும்.